கரை மறையும் முன் திரும்பிய படகு

தம்பி,

கட்டுமாவடிக் கடற்கரையிலிருந்து திரும்பும்போது காரில் நீ ஒரு வார்த்தையும் பேசவில்லை. அறந்தாங்கி பேருந்து நிலையம் வந்ததும், "இங்கயே இறங்கிக்கிறேன்ப்பா" என்றாய். பின் இருக்கையில் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்த கனிஷ்காவின் தலையை லேசாகத் தொட்டுவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாய். அதற்குப் பிறகு நான் அழைத்தால் நீ எடுப்பதில்லை. கொஞ்ச நேரம் கழித்து உன் அம்மாவின் எண்ணுக்கு அழைத்து, நான் சாப்பிட்டேனா, மாத்திரை போட்டேனா என்று விசாரிக்கிறாய். "அவன் அங்க கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். நீங்க இங்க அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தே தரையத் தேய்க்கிறீங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா?" என்கிறாள் அவள். அவள் சொல்வது சரிதான். உட்கார முடியவில்லை. பேப்பரைப் பிரித்தால் இரண்டாவது பத்தியில் கண் நின்றுவிடுகிறது. வாசலுக்குப் போய் வானத்தைப் பார்க்கிறேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கிறேன். புதுக்கோட்டையில் நின்றுகொண்டு கட்டுமாவடிக் காற்றைப் பார்க்கிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நீ வேலை பார்க்கும் அறக்கட்டளை, கடுமையான நோயோடு இருக்கும் பிள்ளைகளிடம் போய் அவர்கள் ஆசையைக் கேட்டு நிறைவேற்றி வைக்கிறது. கனிஷ்காவின் ஆசைக்காகக் கடலுக்குள் போன படகைப் பாதியில் திருப்பச் சொன்னவன் நான். "ஏம்ப்பா?" என்று நீ கேட்டாய். "காத்து மாறுது" என்றேன். காற்று மாறவில்லை. அது உனக்கும் தெரியும், படகோட்டிய காளிமுத்துவுக்கும் தெரியும். இத்தனை வருடம் செய்தியாளனாக இருந்தவன் இவ்வளவு மட்டமாகப் பொய் சொல்லியிருக்க வேண்டாம். உண்மையான பதிலை இப்போது எழுதுகிறேன். உன்னைப்போல் இந்த வேலைக்கு வருகிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று எல்லார் பார்வைக்கும் வைக்கிறேன். கனிஷ்காவின் அம்மா செல்வியிடம் நேற்றே கேட்டேன். "எழுதிக்கங்க சார். பேரை மட்டும் போட்றாதீங்க" என்றாள். அதனால் பெயர்களை மாற்றியிருக்கிறேன்; மற்றவை நடந்தபடியே இருக்கின்றன.

நாம் முதன்முதலாகக் கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் அந்த வீட்டுக்குப் போன காலையிலிருந்து தொடங்க வேண்டும். வழி காட்ட நானும் உன்னோடு வந்தேன். முல்லைத் தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீடு. அப்பா குவைத்தில் லாரி ஓட்டுகிறார். ரத்தப் புற்றுநோய்க்கு ஒரு வருடத்துக்கு மேலாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகப் போய்வந்துகொண்டிருக்கும் பிள்ளை, தலையில் குல்லாயோடு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பெற்றோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் பிள்ளை தன் ஆசையைச் சொல்லாது, அம்மா அப்பாவுக்குப் பிடித்ததைத்தான் சொல்லும் என்பது உங்கள் அனுபவம். அதனால் தனியாகக் கேட்பது உங்கள் முறை. "பெரியவங்க எல்லாம் கொஞ்சம் வெளிய இருங்க. நான் பாப்பாகிட்ட பேசிட்டு வந்துடுறேன்" என்றாய். நானும் செல்வியும் பக்கத்து வீட்டிலிருந்து வந்திருந்த இரண்டு பேரும் வாசலுக்கு வந்தோம். ஜன்னல் திறந்திருந்தது.

"கனிஷ்கா, ஒனக்கு மனசுல இருக்கிற பெரிய ஆசை என்ன? எதுவா இருந்தாலும் அண்ணன்கிட்ட சொல்லு."

"எதுவா இருந்தாலும்னா? எங்க ஸ்கூல இடிக்கணும்னா இடிப்பீங்களா?"

"அது மட்டும் முடியாது."

"அப்ப எதுவா இருந்தாலும்னு சொல்லாதீங்கண்ணா."

நீ சிரித்தது கேட்டது. பிறகு அவள் சொன்னாள்: "கடலுக்குள்ள போகணும். கரையே தெரியக் கூடாது. நாலு பக்கமும் தண்ணியா இருக்கணும். பிளேன்ல வர்றப்ப அப்படித்தான் இருக்கும்னு எங்கப்பா சொல்லுது. நெசமா, இல்ல சும்மா அடிச்சு விடுதான்னு பாக்கணும்." வெளியில் நின்ற எனக்குப் பெருமையாக இருந்தது. என் மகன் கேட்டதும் ஒரு பிள்ளை மனதைத் திறந்துவிட்டது என்று நினைத்தேன். பக்கத்தில் செல்வி தூணைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வாயைப் பொத்தியபடி நின்றாள். சந்தோஷத்தில் அழப்போகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பார்த்தது சரி, அதற்கு நான் கொடுத்த அர்த்தம் தவறு.

நீ முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்து விஷயத்தைச் சொன்னதும் அவள், "எம்புள்ளைக்கு ஆசையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. நீங்க கெளம்புங்க" என்றாள். செலவை நினைத்துத் தயங்குகிறாள், கடலை நினைத்துப் பயப்படுகிறாள் என்று எண்ணி நீ பொறுமையாக விளக்கினாய். கடைசியில், "அக்கா, இது கடைசி ஆசைன்னு நெனச்சுக்காதீங்க. நல்லாகி ஸ்கூலுக்குப் போற பிள்ளைங்களுக்கும்தான் செய்றோம்" என்றாய். நீ சொன்னது முழு உண்மை. ஆனால் அந்த வீட்டில் அதுவரை யாரும் வாய் திறந்து சொல்லாத 'கடைசி' என்ற சொல்லை, அப்படி இல்லை என்று சொல்வதற்காக நீதான் முதலில் சொன்னாய். செல்வி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நீ சென்னைக்குப் போன பிறகு நான் அங்கே மறுபடியும் போனேன். நீ போகச் சொல்லவில்லை. மனது கேட்காமல் போனேன். செல்வி தோட்டத்தில் முல்லை மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கனிஷ்கா என்னைப் பார்த்ததும், "சார், நீங்க ரிப்போர்ட்டராமே. எந்த டிவில வருவீங்க?" என்றாள். டிவி இல்லை, பேப்பர் என்றேன். "பேப்பரா? அதுல வடைதான மடிச்சுத் தருவாங்க" என்றாள். செல்வி அதட்டினாள்; ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு இருந்த இடைவெளியில்தான் நான் கேட்டேன், கடலுக்கு விடுவதில் அவளுக்கு என்ன பயம் என்று. அவள் பிள்ளைக்குக் கேட்காத தூரம்வரை நடந்து வந்த பிறகு பேசினாள்.

"ஒங்களுக்குத் தெரியாததா சார்? எங்க மாமனாரு போன வருசம் கெடையில கெடந்தாரு. மூச்சு நிக்கவும் இல்ல, நெனவு திரும்பவும் இல்ல. ஏதோ ஆசைய வச்சுக்கிட்டுத்தான் இழுத்துக்கிட்டுக் கெடக்காருன்னாங்க. சொந்தக்காரரு ஒருத்தரு எங்களையெல்லாம் வெளிய நிக்கச் சொல்லிட்டு, காதுகிட்ட போயி ஒனக்கு என்னப்பா ஆசைன்னு கேட்டாரு. பதில் இல்ல. இந்தத் தோட்டத்து மண்ணத்தான் கரைச்சு ஊத்துனோம். கடைவீதிக் காப்பின்னா அவருக்கு உசுரு. அதையும் வாங்கியாந்து, பேத்தி கையால குடுத்தா நல்லதுன்னு இவ கையில ஸ்பூனக் குடுத்தோம். ரெண்டு ஸ்பூன் எறங்குச்சு. பொழுது சாயறதுக்குள்ள போயிட்டாரு." பறித்த மொட்டுகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஆசையக் கேட்டுத்தான் சார் அவர அனுப்பி வச்சோம். அதே மாதிரி எல்லாரையும் வெளிய நிப்பாட்டிட்டு, எம்புள்ளைகிட்ட வந்து கேக்குறீங்களே."

எனக்கு இது தெரியாத வழக்கம் இல்லை, தம்பி. இழுத்துக்கொண்டிருக்கும் உயிருக்கு மண்ணைக் கரைத்து ஊற்றுவதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். நம் சொந்தத்திலேயே நடந்திருக்கிறது. ஆசை தீர்ந்தால் உயிர் போகும் என்று நம்புகிற ஊரில், ஆசை தீராமல் இருந்தால் உயிர் தங்கும் என்று ஒரு தாய் நினைக்க அதிக தூரம் போக வேண்டியதில்லை. நீ உங்கள் முறைப்படிதான் செய்தாய். அந்த முறையை இந்த ஊரில் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று உனக்குச் சொல்லியிருக்க வேண்டிய நான் ஜன்னலுக்கு வெளியே நின்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னபோது அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாய். காய்ச்சல் இறங்கியதும் புரோட்டா வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாய். கொஞ்சம் கொடுக்கலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். நான் வாங்கிக்கொண்டு வந்த பொட்டலத்தை உன் அம்மா வாங்கி வெளியில் யாருக்கோ கொடுத்துவிட்டாள். நீ அழுதாய், நான் அவளைத் திட்டினேன். அதை இப்போது கேட்டேன். "வீட்டுக்குப் போயித் திங்கணும்னு ஒரு ஆசை இருந்தாத்தான புள்ள வீட்டுக்கு வரும்" என்றாள், கீரை ஆய்ந்தபடியே. "இத அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றேன். "சொன்னா நீங்க சிரிச்சிருப்பீங்க. அப்புறம் அதப் பத்தி ஒரு கட்டுரை எழுதியிருப்பீங்க" என்றாள். இரண்டையும் செய்திருப்பேன்.

அதற்குப் பிறகு கனிஷ்கா அம்மாவை விடவில்லை. அண்ணன் எப்ப வரும், படகு எப்ப வரும் என்று நச்சரித்திருக்கிறாள். ஒரு நாள் செல்வி எனக்குப் போன் செய்தாள். "கூட்டிட்டுப் போங்க சார். ஆனா கரை மறையக் கூடாது. மறையறதுக்கு முன்னாடி திருப்பிறணும். கொஞ்சமாச்சும் மிச்சம் இருக்கணும் அவளுக்கு. இத ஒங்க மகன்கிட்டயும் சொல்லாதீங்க. அந்தத் தம்பி புள்ளைகிட்ட சொல்லிரும்." நான் சரி என்றேன். அந்த ஒரு சரிக்குப் பிறகுதான் நீ டாக்டரிடம் பேசினாய், அடுத்த சிகிச்சைக்கு முன்னால் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தாய், அவள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் தேடி அலைந்தாய், காவல் நிலையத்தில் அனுமதி வாங்கினாய். நீ ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் திரும்பப்போகிற பயணத்துக்கு நீ முழுசாக ஏற்பாடு செய்துகொண்டிருந்தாய்.

படகில் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நீ முன்னால் பிள்ளையோடு இருந்தாய். நான் பின்னால் செல்விக்குப் பக்கத்தில் இருந்தேன். காளிமுத்து எஞ்சினைப் பிடித்தபடி கனிஷ்காவைச் சீண்டிக்கொண்டே வந்தார். "கரை மறையணுமா பாப்பா? முன்னயெல்லாம் பனைமரம்தான் கடைசியா மறையும். இப்ப செல்போன் டவரு வந்துருச்சு. அது லேசுல மறையாது. ரொம்பப் போனோம்னா யாழ்ப்பாணத்துலதான் காப்பி குடிக்கணும்." "அங்க காப்பி நல்லா இருக்குமாண்ணே?" என்று அவள் கேட்டாள். காப்பி என்றதும் செல்வியின் உடம்பு ஒரு முறை அதிர்ந்ததை நான் பார்த்தேன். மீன் சந்தைக் கூரை போனது, ஐஸ் கம்பெனி போனது, பனைமரங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கோடாகிப் பிறகு அதுவும் போனது. ஒவ்வொன்று போகும்போதும் கனிஷ்கா கை தட்டினாள். செல்வி ஒரு தடவைகூடப் பிள்ளையைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பிக் கரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். டவர் மட்டும் நூல் மாதிரி நின்றபோது அவள் என் முழங்கையைப் பிடித்தாள். நான் காளிமுத்துவிடம் திருப்பச் சொன்னேன்.

"டவரு இன்னும் தெரியுது. ஏமாத்துறீங்க" என்றாள் கனிஷ்கா. நீ என்னைப் பார்த்தாய். நான் காற்று என்றேன். கரை பெரிதாகிக்கொண்டே வந்ததை அவள் பார்க்க மறுத்து, படகின் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

இதுவரை எழுதியது நடந்தது. இனி எழுதுவதற்கு எனக்கு ஆதாரம் இல்லை. ஒரு தாய்க்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. அந்தத் தாயின் பயம் பிள்ளையின் ஆசையைவிடப் பெரியது என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை எனக்கு யார் கொடுத்தார்கள் என்று இன்னொரு நேரம் தோன்றுகிறது. மிச்சம் வைக்கலாம், சரி. அந்த மிச்சத்தைத் தீர்க்க அவளுக்கு இன்னொரு நாள் கிடைக்கும் என்று நான் எதை நம்பி நினைத்தேன்? டாக்டர்களே உறுதியாகச் சொல்லத் துணியாததை நான் எப்படி உறுதி என்று எடுத்துக்கொண்டேன்? இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். உன்னிடம் முன்பே சொல்லியிருந்தால் நீ செல்வியோடு உட்கார்ந்து பேசி வேறு வழி கண்டிருப்பாய். பிள்ளைகளிடம் பேச உனக்குத் தெரிகிறது. பெரியவர்களிடமும் தெரியும் என்று நான் நம்பவில்லை. படகைத் திருப்பியதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. உன்னிடம் மறைத்ததற்குக் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தை இங்கேயே முடித்து அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். மேலே உள்ள வரியை எழுதிக்கொண்டிருக்கும்போது செல்வி அழைத்தாள். அவள் பேசியதைக் கேட்டது கேட்டபடி எழுதுகிறேன்.

"சார், படகுலேருந்து வந்ததுல இருந்து எங்கிட்டயும் பேசாம இருந்தா. இன்னைக்குச் சோறு ஊட்டுறப்ப, ஏம்மா திருப்பச் சொன்னேன்னு நேராக் கேட்டுப்புட்டா. சாரு இல்ல, நீதான்னு எனக்குத் தெரியும்ங்கறா. எனக்குப் பொய் சொல்ல வாய் வரல. தாத்தாவுக்குக் காப்பி குடுத்த கதையச் சொல்லி, அதான்டி பயம்னு சொல்லி அழுதுட்டேன். அவ சிரிக்கிறா சார். 'நான் தாத்தா இல்லம்மா. தாத்தாவுக்குக் காப்பியோட முடிஞ்சிருச்சு. எனக்கு ஒண்ணு முடிஞ்சா அடுத்தது வரும்'ங்கறா. என்னடி அடுத்ததுன்னு கேட்டேன். விரல விட்டுச் சொல்ல ஆரம்பிச்சா. படகத் தானே ஓட்டணுமாம். குவைத்துல லாரில உக்காரணுமாம். ஆறாப்புப் போறப்ப ஜடை போடணுமாம். சோறு ஆறிப்போச்சு சார், அவ நிறுத்தவே இல்ல."

பிறகு சொன்னாள்: "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க சார், அந்தத் தம்பிய. டவரு மறையட்டும். நானும் வாரேன். இந்தத் தடவ கரையப் பாக்க மாட்டேன். புள்ளையப் பாத்துக்கிட்டு வாரேன்."

பயம் போய்விட்டதால் அவள் இதைச் சொல்லவில்லை, தம்பி. பயத்தைக் கையில் வைத்துக்கொண்டேதான் கேட்கிறாள். அதனால் தாமதிக்காதே. இன்றே டாக்டரிடம் பேசு. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம், அதை நீயே செல்வியிடம் நேரில் வந்து சொல். சரி என்றால் உடனே புறப்படு. காளிமுத்துவிடம் நான் சொல்லிவிட்டேன். "இந்த வாட்டி ஒங்க காத்து மாறாதுல்ல சார்?" என்று கேட்டார். நான் வரவில்லை என்று சொன்னேன். நான் பின்னால் உட்கார்ந்திருந்தால் அந்தப் பிள்ளை முழுநேரமும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டு வரும்.

நீ, அவள், அவள் அம்மா மட்டும் போங்கள். நான் கரையில் நிற்கிறேன். படகு சின்னதாகும், புள்ளியாகும், பிறகு எனக்குத் தெரியாமல் போகும். அப்போது அவள் கை தட்டிக்கொண்டிருப்பாள் என்று எடுத்துக்கொள்கிறேன். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டுப் போ.

அப்பா